குகைப் பகுதிக் கலையரங்கத்தை இடம் மாற்றாமல், இருக்கும் இடத்திலேயே புதுப்பித்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்
குகை, லைன்மேடு, தாதகாப்பட்டி பகுதிப் பொதுமக்கள் மற்றும் கூத்து, பொம்மலாட்டக் கலைஞர்கள்,
சேலம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சேலம்.

பொருள்: எங்கள் பகுதிக் கலையரங்கத்தை மூடி ஊருக்கு வெளியே மாற்றும் முடிவை நிறுத்தி வைக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் கலையரங்கத்தின் இரும்புக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கட்டடம் பழுதாகிவிட்டதால் அரங்கம் மூடப்படுகிறது, அந்த இடத்தில் வணிக வளாகம் வருகிறது, இனி நிகழ்ச்சிகள் எல்லாம் புறவழிச்சாலைக்கு அப்பால் கட்டப்படும் புதிய அரங்கத்தில் என்று அதில் இருந்தது. இதுபற்றிப் பகுதியில் ஒருவரையும் கேட்கவில்லை. காதுகுத்து விசேஷத்துக்கு நாள் கேட்கப் போனவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு வந்து சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.

கட்டடம் பழுது என்பது பொய்யில்லை. மழை வந்தால் மேடையின் இடதுபக்கம் ஒழுகும். மிருதங்கத்தைத் துண்டால் மூடித் தூக்கிக்கொண்டு இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓட வேண்டியிருக்கிறது. கூரை ஒழுகினால் கூரையைத்தானே மாற்ற வேண்டும், அரங்கத்தையே ஏன் ஊரைவிட்டு அனுப்ப வேண்டும் என்பதுதான் எங்கள் கேள்வி.

தாங்கள் ஒருநாள் இரவு எட்டு மணிக்கு மேல் வந்து பார்க்க வேண்டுகிறோம். தறியை நிறுத்திவிட்டு வருகிறவர்கள், செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையிலிருந்து விரல் கறுப்பு போகாமலே வருகிற பையன்கள், டியூஷன் முடித்துப் புத்தகப் பையோடு வருகிற பிள்ளைகள் என்று ஒவ்வொருவராகச் சேர்வார்கள். வாத்தியார் தாளம் போட, ஆர்மோனியக்காரர் சுதி பிடிக்க, அடவு தொடங்கும். விடிய விடிய கூத்து நடப்பது கோயில் திடலில். ஆனால் அதற்குக் காலும் குரலும் பழகுவது இந்த மேடையில்தான்.

மேடைக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. அதிகாரிகளின் குறிப்பில் அது 'பொருட்கள் வைப்பு அறை'. கூத்து செட்டுகளின், அதாவது கூத்துக் குழுக்களின், வேஷப் பெட்டிகள் அங்கேதான் இருக்கின்றன. கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டியவை. மரம் லேசானது என்பதால்தான் துரியோதனன் விடியும்வரை அதைச் சுமந்துகொண்டு சுற்றிச் சுற்றி ஆட முடிகிறது. லேசான மரம் என்பதாலேயே ஒரு தட்டு தட்டினால் விளிம்பு பெயர்ந்துவிடும். பொம்மலாட்டக்காரர்களின் மரப்பொம்மைகளைப் பெட்டியில் திணித்து வைத்தால் நூல் சிக்கிக்கொள்ளும் என்று, சுவரில் ஆணியடித்து வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறோம். இவற்றை ஒவ்வொரு ஒத்திகைக்கும் டெம்போவில் ஏற்றி இறக்கினால் ஒரு வருஷம்கூடத் தாங்காது. புதிய அரங்கத்தின் வரைபடத்தில் இப்படி ஓர் அறையே இல்லை என்கிறார்கள்.

ஆடி மாதத்தைப் பற்றித் தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கோட்டை மாரியம்மனைப் பெரியவளாகக் கொண்டு எட்டுப் பேட்டையிலும் பண்டிகை நடக்கும்போது, குகையில் வண்டி வேடிக்கை பார்க்க மாவட்டம் முழுவதிலுமிருந்து ஜனம் திரளும். ஈசனும் காளியும் முருகனுமாக வேஷம் கட்டி வண்டியில் நிற்பவர்களில் பலருக்கு அரிதாரம் பூசுவது இந்த அரங்கத்தில்தான். வேஷம் கட்டி முடியவே பாதி நாள் ஆகும். வண்டி வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்ளும். புதிய இடத்துக்குப் போய்விட்டால், எட்டுக் கையும் சூலமுமாகக் காளி டவுன் பஸ்ஸில்தான் வர வேண்டும். கண்டக்டர் எத்தனை டிக்கெட் போடுவாரோ!

புதிய அரங்கத்தில் ஏ.சி. உண்டு, கார் நிறுத்த இடம் உண்டு என்று சொல்கிறார்கள். மாநாட்டுக்கும் கல்யாண வரவேற்புக்கும் அது நல்ல இடம்தான். அது வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களுக்கு நிறுத்துவதற்குக் கார் இல்லை. ஒத்திகை முடிய இரவு பத்தைத் தாண்டும். அந்த நேரத்தில் புறவழிச்சாலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கச் சொல்லி எந்தத் தாய் தன் பெண்ணை அனுப்புவாள்? இப்போதுதான் பெண் பிள்ளைகள் சிலர் கூத்துக்குப் பழக வந்திருக்கிறார்கள். முதலில் நின்றுபோவது அவர்களாகத்தான் இருக்கும்.

இருந்த இடத்திலேயே கட்டுவது நடக்காத காரியமும் இல்லை. பழைய பஸ் ஸ்டாண்டை இடித்தபோது போஸ் மைதானத்தில் தற்காலிகமாகப் பஸ்கள் நின்றன. பிறகு அதே இடத்தில் ஈரடுக்குப் பேருந்து நிலையம் எழுந்து 2023-இல் திறக்கப்பட்டது. பஸ்ஸுக்குச் செய்ததைத்தான் எங்கள் மேடைக்கும் கேட்கிறோம். இன்னொரு பக்கம், 1935-இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கி, தமிழின் முதல் முழுநீள வண்ணப் படத்தை 1956-இல் தந்த மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ ஏற்காடு ரோட்டில் என்ன ஆனது என்பதையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. இன்று அதில் மிஞ்சி நிற்பது முகப்பு வளைவு மட்டும்தான். அது தனியார் சொத்து, காலம் மாறியது, யாரும் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று சொல்லலாம். இது பொதுச் சொத்து.

எங்களில் சிலர் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய உறுப்பினர்கள். கலை நன்மணி, கலை முதுமணி விருதுகளை அரசின் கையால் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். விருது தரும் அரசு பழகும் இடத்தைப் பூட்டாது என்று நம்பித்தான் வந்திருக்கிறோம்.

ஆகவே, மூடும் முடிவை உடனே நிறுத்தி வைக்க வேண்டுகிறோம். பொதுப்பணித் துறைப் பொறியாளர்களைக் கொண்டு கட்டடத்தின் உறுதித்தன்மையை ஆய்வு செய்து, அந்த அறிக்கையை எங்கள் பகுதி சபைக் கூட்டத்தில் வைத்து மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். செப்பனிட முடியுமென்றால் செப்பனிட்டும், முடியாதென்றால் இடித்து அதே இடத்திலும் அரங்கம் கட்டித் தர வேண்டும். வருமானத்துக்குக் கடைகள் தேவை என்றால் ரோட்டுப் பக்கம் கடையும் பின்பக்கம் மேடையுமாகக் கட்டலாம், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. வேலை நடக்கும் காலத்தில் அருகிலுள்ள அரசுப் பள்ளி ஒன்றில் மாலைக்குப் பிறகு ஒத்திகை பார்க்கவும், பெட்டிகளையும் பொம்மைகளையும் நனையாத ஓர் அறையில் வைக்கவும் அனுமதி தர வேண்டும்.

ஆடிப் பண்டிகைக்குப் பூச்சாட்டுவதற்குள் எழுத்து மூலமான பதிலைத் தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இடம்: சேலம்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குகை, லைன்மேடு, தாதகாப்பட்டி பகுதிப் பொதுமக்கள் மற்றும் கலைஞர்கள்

இணைப்பு: கையெழுத்துப் படிவங்கள், கதவில் ஒட்டப்பட்ட அறிவிப்பின் நகல், மேடை, வேஷ அறைப் புகைப்படங்கள்.