நாற்காலி வந்தது, கதவு வழி விடவில்லை

முன்னாள் படைவீரர் நலனுக்குப் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். வேலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து எத்தனை பேர் பட்டாளத்துக்குப் போயிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. என் வீட்டுக்காரர் ராணுவத்தில் நாயக் என்ற பதவியில் இருந்தவர். பணியில் இருக்கும்போது முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனது. மெடிக்கல் போர்டு நூறு சதவீத ஊனம் என்று எழுதியது. மீதி உங்கள் கோப்பில் இருக்கிறது.

வீட்டை மாற்றியமைக்க உதவி கேட்டு எழுதிய எங்கள் மனுவுக்குப் போன வாரம் பதில் வந்தது. நான்கே வரி. சக்கர நாற்காலி ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டதாம். வீட்டில் மாற்றம் செய்யப் பணம் தர விதியில் இடமில்லையாம்.

வழங்கியது உண்மைதான். நல்ல நாற்காலி. அதன் அகலம் 26 அங்குலம். எங்கள் குளியலறைக் கதவு 24 அங்குலம்.

இந்த இரண்டு அங்குலத்தால் தினமும் காலையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். கதவருகே வந்ததும் பிரேக் போடுவார். இரண்டு கையையும் ஊன்றித் தரையில் இறங்குவார். நிலைப்படியைத் தாண்டி, ஈரத் தரையில் இடுப்பை இழுத்துக்கொண்டே உள்ளே போவார். அந்த நேரத்தில் நான் பக்கத்தில் நிற்பது அவருக்குப் பிடிக்காது, அடுப்படிக்குப் போய்விடுவேன். தோல் உரசிக் கிழிந்தாலும் அவருக்குத் தெரியாது. துண்டில் ரத்தம் பார்த்தால்தான் எனக்கே தெரியும். போன ஐப்பசியில் அப்படி வந்த புண் சீழ் பிடித்து, பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்தச் செலவை முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். ஏற்றுக்கொண்டது, நன்றி. ஆனால் அந்தப் பணத்தில் பாதி இருந்திருந்தால் கதவை இடித்து அகலப்படுத்தியிருக்கலாம். புண்ணுக்குப் பணம் தரும் விதி, புண் வராமலிருக்க ஏன் தருவதில்லை?

முதுகுத்தண்டில் அடிபட்ட படைவீரர்களுக்கான புனே கிர்க்கி மறுவாழ்வு மையத்தில் இருந்தபோது இதே மனிதர் தானே குளித்து, தானே துணி துவைத்து, சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கூடைப்பந்து ஆடியவர். யார் கையையும் எதிர்பார்க்காமல் வாழ அங்கே கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள். வீட்டு வாசலில் மூன்று படி.

நாற்காலி ஏறுவதற்கான சாய்தளம் ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் இருக்க வேண்டும் என்பது அரசு வழிகாட்டுதல்தான். எங்கள் வாசல் உயரம் ஒன்றேமுக்கால் அடி. அப்படியானால் 21 அடி சரிவு வேண்டும். எதிரே தெருவே அவ்வளவு அகலம் கிடையாது. பக்கவாட்டில் திருப்பித்தான் கட்ட முடியும். கதவு, கைப்பிடி, வெஸ்டர்ன் கழிப்பறை எல்லாம் சேர்த்துக் கொத்தனார் 1,85,000 சொன்னார். உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ள மாதாமாதம் உதவியாளர் படிப்பணம் வருகிறதே என்று ஒருவர் போனில் கேட்டார். ஐயா, அது ஆளுக்கு. சுவருக்கு அல்ல.

டிசம்பர் 7 வந்தால் படைவீரர் கொடிநாள். 1949இலிருந்து நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் சட்டையில் கொடி குத்திக்கொள்வார்கள், விழாவுக்கு இவரையும் அழைப்பார்கள். மேடைக்குப் படி உண்டு, சாய்தளம் கிடையாது. நாலு பேர் நாற்காலியோடு தூக்குவார்கள், எல்லோரும் கைதட்டுவார்கள். பல்லக்கில் போன மாதிரி இருந்தது என்று இவரும் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்த நாலு பேரையும் தினமும் காலை ஆறு மணிக்கு எங்கள் குளியலறை வாசலுக்கு அனுப்பிவைத்தால் நான் இந்த மடலையே எழுதியிருக்க மாட்டேன்.

மன்னிக்கவும், கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஸ்கூட்டருக்கு உதவி இருக்கிறது, மகள் கல்யாணத்துக்கு இருக்கிறது. அதுபோல ஊனமுற்ற படைவீரர் வீட்டை மாற்றியமைக்கவும் தனியாக ஒரு நிதியுதவி வேண்டும். அதையும் வேலை தொடங்கும் முன்பே கொடுங்கள். ரசீது காட்டினால்தான் பணம் என்றால் கந்துவட்டிக்காரரிடம்தான் போக வேண்டும். விதியில் இடமில்லை என்றால், தயவுசெய்து விதியில் இடம் செய்யுங்கள்.

ஆய்வுக்கு ஆள் அனுப்புவதாக இருந்தால் கையில் ஒரு அளவு டேப் கொடுத்து அனுப்புங்கள். காலையில் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நாயக்கின் மனைவி