ஐயரம்மாவுக்கு, அபர்தாரோனிலிருந்து

அன்புள்ள எல்சி அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் வீட்டுக்காரர், கவிஞர் ஆர். எஸ். தாமஸுக்கு விழா எடுக்கிறார்கள். வேல்ஸில், அபர்தாரோன் கிராமத்தில், 1967 முதல் 1978 வரை அவர் குருவானவராக இருந்த அதே தூய ஹவின் ஆலயத்தில். அவர் உயிரோடு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் பேச்சாளர் தொண்டையைக் கனைக்கும்போதே பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு பறவை பார்க்கக் கிளம்பியிருப்பார்.

அவருக்குக் கடிதம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். விழாவின் பெயரில் ஆர். எஸ். தாமஸ் என்பதற்கு அடுத்து எம். ஈ. எல்ட்ரிட்ஜ் என்றும் இருக்கிறதே, அந்த இரண்டாவது பெயருக்காரருக்குத்தான் நான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் குருவானவரை ஐயர் என்போம், அவர் மனைவியை ஐயரம்மா. ஐயர் மாற்றலாகிப் போன பிறகும் அவருடைய பிரசங்கத்தைப் பல வருடம் பேசிக்கொண்டிருப்போம். ஐயரம்மா என்ன செய்தார் என்று கேட்டால், பெண்கள் ஐக்கிய சங்கத்தைப் பார்த்துக்கொண்டார், நன்றாகப் பாடுவார், அவ்வளவுதான் பதில். உங்களைப் பற்றிய குறிப்புகளும் பல இடங்களில் இப்படித்தான் இருக்கின்றன. கவிஞரின் மனைவி, ஆங்கிலேயப் பெண், ஓவியம் வரைவார்.

வரைவாராம்! 1930களின் கடைசியில் இங்கிலாந்து எல்லையை ஒட்டிய சர்க் என்ற ஊரில் நீங்கள் இருவரும் சந்தித்தபோது பெயர் இருந்தது உங்களுக்குத்தான். லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் படித்து, உதவித்தொகையில் இத்தாலி போய்வந்து, கண்காட்சிகள் வைத்த ஓவியர். பென்ட்லி கார் வேறு வைத்திருந்தீர்கள். அவரோ ஒரு புத்தகம்கூட வராத உதவிக் குரு. முதல் தொகுப்பு வந்ததே 1946-ல், கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து. உங்களுக்கு ஈடாக எதையாவது செய்து காட்ட வேண்டும் என்ற வேகம் அவருக்கு அப்போதுதான் பிடித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, ஊரைப் பற்றிச் சொல்கிறேன். லீன் தீபகற்பத்தின் கடைக்கோடி. அதற்கு மேல் போனால் கடல், கடலுக்குள் என்லி தீவு. மூன்று முறை என்லிக்குப் போனால் ஒரு முறை ரோமுக்குப் போன புண்ணியம் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். இருபதாயிரம் புனிதர்கள் அங்கே அடக்கமாகியிருப்பதாகவும் ஒரு நம்பிக்கை. படகுக்குக் காத்திருந்த யாத்திரிகர்களுக்குச் சோறு போட்ட பழைய சமையற்கூடம் இப்போது டீக்கடை. அங்கே பாரா ப்ரித் கிடைக்கிறது. உலர்ந்த திராட்சையை டீயில் ஊறவைத்துச் செய்கிற ரொட்டி, வெண்ணெய் தடவித் தருவார்கள். விழாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேரை உரைகளுக்கு இடையில் அங்கேதான் பார்க்க முடிந்தது, நான் உட்பட.

ஆலயம் கடலுக்கு மேலேயே நிற்கிறது. கல்லறைத் தோட்டத்துச் சுவர் தாண்டினால் மணல். கடல் விழுங்கிவிடும் என்று பயந்து 19ஆம் நூற்றாண்டில் இதைக் கைவிட்டு, மேட்டில் புதிதாக ஒன்று கட்டினார்கள். ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை. பழையதையே பழுதுபார்த்துத் திரும்பி வந்துவிட்டார்கள். உள்ளே பக்கத்துப் பக்கமாக இரண்டு கூடங்கள். ஒரு பக்கம் லத்தீன் எழுத்து வெட்டிய இரண்டு கற்கள். ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய இரண்டு குருமாரின் பெயர்களைத் தாங்கியவை. ஒன்றில் சேனாகஸ் என்ற பெயரைக் கையால் தடவிப் பார்த்தேன். ஆழமில்லாத வெட்டு, சில எழுத்துகள் கோணலாகப் போகின்றன. இன்னொரு பக்கம் கூழாங்கல் குவியல். வருகிறவர்கள் இறந்துபோன தங்கள் பிரியமானவர்களின் பெயரை ஒரு கல்லில் எழுதிக் குவியலில் வைக்கிறார்கள். அப்புறம் அந்தக் கற்களைக் கடலுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டுக்காரரின் கவிதை ஒன்றைச் ஸ்லேட் பலகையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ராத்திரி விழித்துக்கொண்டு கடலைக் கேட்கிறவனின் கவிதை. அதை அந்த இடத்தில் நின்று படித்தபோது வெளியே அலைச்சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. இதைவிடப் பொருத்தமான அரங்கம் எந்தக் கவிஞனுக்கும் கிடைக்காது.

விழாவில் அவருடைய முரண்களைப் பற்றி நிறையவே பேசினார்கள். கார்டிஃபில் பிறந்து, வெல்ஷ் மொழியை வளர்ந்த பிறகு கற்றவர். உரைநடையை வெல்ஷில் எழுதினார், கவிதைக்கு மட்டும் ஆங்கிலத்தை விட முடியவில்லை. ஆங்கிலேயர்களின் விடுமுறை வீடுகளை வெல்ஷ் தேசியவாதிகள் தீவைத்து எரித்தபோது கண்டிக்க மறுத்தார். 1964-ல் பிரிட்டிஷ் ராணியின் தங்கப் பதக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். மகனை இங்கிலாந்தில் உறைவிடப் பள்ளிக்கு அனுப்பினார். இதையெல்லாம் சொல்லும்போது கூட்டத்தில் சிரிப்பு எழுகிறது, பாசமான சிரிப்புதான். எனக்கோ, ஆங்கிலேயர் வந்து ஊரைக் கெடுத்துவிட்டார்கள் என்று அவர் முழங்கிய நாட்களில், வீட்டில் எதிரே உட்கார்ந்து சூப் குடித்த ஆங்கிலேயப் பெண் என்ன நினைத்தார் என்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் அந்த வாக்குவம் கிளீனர் கதை. சத்தம் பொறுக்கவில்லை என்று அவர் சொல்லப்போய் நீங்கள் அதை மூலையில் வைத்துவிட்டீர்களாம். குளிர்சாதனப் பெட்டியும் துணி துவைக்கும் எந்திரமும் ஆன்மாவுக்குக் கேடு என்று பீடத்திலிருந்து பிரசங்கம் செய்தவர் வேறு. அவருக்கென்ன, பெருக்கியது யார், துவைத்தது யார்? ஓய்வுபெற்ற பிறகு ரியு மலைச்சரிவில் நீங்கள் குடியிருந்த அந்தப் பழைய கல் வீட்டின் குளிரைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. அவருடைய கவிதைகளில் இருக்கிற மௌனத்தைப் பெரிய பெரிய வார்த்தைகளில் புகழ்கிறார்கள். புகழட்டும், தகும். அந்த மௌனத்தை வீட்டுக்குள் காபந்து செய்து கொடுத்தவர் நீங்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

நீங்கள் சும்மாவும் இருக்கவில்லை. செத்துக்கிடந்த சின்னப் பிராணிகளின் எலும்புகளை எடுத்து வைத்து வரைந்தீர்கள். குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போட்டீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 1950களில் கோபோவன் எலும்பு மருத்துவமனையின் செவிலியர் விடுதிக்காக வரைந்த அந்தச் சுவரோவியம். ஆறு பலகைகள், மொத்தம் நூறடிக்கு மேல் நீளம். அவர் முன்பு குருவானவராக இருந்த மனாவோன் ஊரின் குருமனையில், வீட்டு வேலைக்கும் சபை வேலைக்கும் நடுவில், வருடக்கணக்கில். இயற்கையோடு இருந்த உறவை மனுஷன் எப்படி அறுத்துக்கொண்டான் என்பதுதான் பொருள். உங்கள் வீட்டுக்காரர் எந்திரத்தைத் திட்டி எழுதிய கவிதைகளைப் பேராசிரியர்கள் அலசுகிறார்கள். அதே கவலையை நீங்கள் நூறடி நீளத்துக்குக் கோபமில்லாமல், மிருகங்களும் குழந்தைகளும் செடிகொடிகளுமாக வரைந்து வைத்திருக்கிறீர்கள். அது இப்போது ரெக்ஸம் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒருவர் கவிஞர், மற்றவர் அவர் மனைவி என்று பிரிப்பதில் என்ன அர்த்தம்? ஒரே வீட்டில் ஒரே விஷயத்தை இரண்டு பேர் இரண்டு கருவியில் செய்திருக்கிறார்கள்.

நீங்கள் 1991-ல் இறந்ததைப் பற்றி அவர் எழுதிய சின்னக் கவிதையை விழாவில் ஒருவர் படித்தார். பறவைச் சத்தத்துக்கு நடுவே தொடங்கி ஒரு பெருமூச்சில் முடிகிற கவிதை. ஐம்பது வருடத் தாம்பத்யம் சில வரிகளில் போய்விடுகிறது. படித்தவரின் குரல் கடைசியில் கொஞ்சம் தடுமாறியது. அவர் எழுதியவற்றிலேயே சிறந்தது என்று சொல்பவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சி. ஆனால் வாயால் சொல்லாமல் எழுத்தில் மட்டும் சொல்லிவிட்டுப் போகிற ஆண்களை எங்கள் ஊரிலும் நிறையப் பார்த்திருப்பதால், முழு மதிப்பெண் போட மனம் வரவில்லை.

உங்கள் கல்லறை லான்வைல்ரிஸில், அவருடைய சாம்பல் போர்த்மடோக் ஆலய வாசலில். இடையில் நல்ல தூரம். விழாவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஆலயத்தையும் கடற்கரையையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அபர்தாரோனிலிருந்து லான்வைல்ரிஸ் மிகவும் பக்கம், அங்கேயும் அவர்தான் குருவானவராக இருந்தார், அங்கேயும் ஒரு சின்ன ஆலயம்தான். விழாவின் ஒரு பொழுதை அங்கே வைத்தால் என்ன என்று எனக்கு ஓர் ஆசை. பேச்சு வேண்டாம், உங்கள் படங்களின் பிரதிகளை மாட்டி வைத்தால் போதும்.

அடுத்த முறை நான் முதலில் ரெக்ஸம் போகப் போகிறேன், அப்புறம்தான் அபர்தாரோன். உங்கள் படங்களைப் பார்த்துவிட்டு வந்து கேட்டால் அவர் கவிதை வேறு மாதிரி கேட்கும். பந்தயம் கட்டத் தயார்.

அன்புடன்,
கூட்டத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு வாசகி