உட்சிராவின் பதினொரு பெண்களும் ஒரு பகிடியும்

உட்சிரா கொம்யூன் மன்றத்தின் தவிசாளர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நோர்வேயின் மேற்குக் கரையில் வாழ்கின்ற, வட கடலில் இருக்கும் உங்கள் உட்சிராத் தீவுக்கு இரண்டு முறை வந்து திரும்பிய தமிழன் ஒருவன் எழுதும் மடல் இது. எங்களிற் பலர் இந்த நாட்டை முதலில் அறிந்துகொண்டது ஒஸ்லோவில் அல்ல. வடக்கே பின்மார்க்கில், மீன் தொழிற்சாலைகள் இருந்த சிறிய கரையோரக் கொம்யூன்களில், அதாவது தமக்கென மன்றம் கொண்ட உள்ளூராட்சிப் பகுதிகளில்தான். அப்படிப்பட்ட ஓர் ஊர் தன்னைப் பற்றி என்ன கதை சொல்லிக்கொள்கிறது என்பதில் எங்களுக்கும் அக்கறை உண்டு. எங்கள் ஆட்களும் படிக்கட்டும் என்றே தமிழில் எழுதுகிறேன்.

1925 இலையுதிர்காலத்தில் நடந்த தேர்தலில் உங்கள் மன்றத்தின் 12 இடங்களில் 11 இடங்களுக்குப் பெண்கள் தெரிவானார்கள். 1926இல் தீவின் மருத்துவிச்சி ஓசா ஹெல்கெசென் தலைமைப் பொறுப்பை ஏற்று, 1928 வரை அதை வகித்தார். நோர்வேயில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதற் பெண் அவர்தான். தமிழில் இப்பதவியை நாங்கள் 'நகரபிதா' என்று எழுதிப் பழகியவர்கள்; பிள்ளைப்பேறு பார்த்த ஒரு பெண்ணை 'பிதா' என்று எழுதக் கை கூசுவதால், இம்மடலில் 'தவிசாளர்' என்றே குறிப்பிடுகிறேன். அவர் பொறுப்பேற்று நூறு ஆண்டுகள் ஆகின்றன. இந்த நேரத்தில் உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இம்மடல்.

என் முதற் பயணத்தின்போது, ஹௌகசுண்டிலிருந்து புறப்பட்ட படகில் பக்கத்தில் இருந்த ஒருவர், நான் கேளாமலே இந்தக் கதையைச் சொன்னார். ஆண்கள் பகிடிக்குப் பெண்களின் பெயர்களை எழுதிப் பெட்டியில் போட்டார்களாம், எண்ணிப் பார்த்தால் பெண்கள் வென்றிருந்தார்களாம், ஊரே சிரித்ததாம். சொல்லி முடித்துவிட்டு அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்பி வரும்போதுதான் உறைத்தது: கதை வாக்குப்பெட்டியோடு முடிந்துவிட்டது. அதன்பின் வந்த மூன்று ஆண்டுகளைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு இக்கதையைக் கேட்ட இடங்களிலெல்லாம், ஏறக்குறைய அதே இடத்தில்தான் அது நின்றது.

அந்த மூன்று ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். 1837ஆம் ஆண்டுச் சட்டம் நோர்வேயின் ஊர்களுக்குத் தம்மைத் தாமே ஆளும் உரிமையைக் கொடுத்தபோது, உங்கள் தீவு கடலுக்கு அப்பால் இருந்த தூர்வஸ்தாத் என்ற கொம்யூனின் ஒரு பகுதி. தனிக் கொம்யூன் ஆனது 1924 ஜூலை 1ஆம் திகதி. ஆக, அந்தப் பெண்கள் கையேற்றபோது உட்சிரா கொம்யூனுக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. பள்ளிக்கூடமும் வறியோர் பராமரிப்பும் கொம்யூனின் தலையில் இருந்த காலம் அது. அதற்குமேல், நோர்வே நாணயமான குரோனரின் பெறுமதியைப் பழைய தங்க மட்டத்துக்கு உயர்த்தியே தீருவது என்று நாட்டின் மத்திய வங்கி பிடிவாதமாக நின்றதால், விலைகள் விழ, கடன்களின் பாரம் ஏற, நாடெங்கும் கொம்யூன்கள் மூச்சுத் திணறிய ஆண்டுகளும் அவைதான். வாக்கு பகிடியாகவே விழுந்திருக்கட்டும். வரவுசெலவுத் திட்டம் பகிடியாக வருவதில்லை. கடனும் சம்பளமும், உதவி கேட்டு வாசலில் வந்து நிற்கும் அயலவரும் அப்படித்தான்.

பெண்கள் உள்ளூர்த் தேர்தலில் எல்லோருக்கும் பொதுவான வாக்குரிமையைப் பெற்றது 1910இல். நாடாளுமன்றத் தேர்தலில் அது 1913இல் கிடைத்தது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு தீவின் வாக்காளர்கள் பதினொரு பெண்களைத் தெரிவுசெய்ததைத் 'தவறுதலாக நடந்தது' என்று சொல்லும்போது, அப்பெண்களுக்கு வாக்களித்தவர்களையும் சேர்த்தே அறியாதவர்களாக்குகிறோம். 1971இல் ஒஸ்லோ, துரொன்ஹைம், அஸ்கர் மன்றங்களில் பெண்கள் பெரும்பான்மை பெற்றபோது, வாக்குச்சீட்டில் ஆண்களின் பெயர்களை வெட்டித்தான் அதைச் சாதித்தார்கள். அதற்குப் 'பெண்கள் சதி' என்று பெயர் வைத்தார்கள். திட்டமிட்டுச் செய்தால் சதி, திட்டமிடாமல் நடந்தால் பகிடி. வேறு எந்தப் பெயரில் அவர்கள் வென்றிருக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

மருத்துவிச்சியைத் தெரிவுசெய்ததில் எனக்கு வியப்பே இல்லை. இரண்டாவது முறை நான் வந்த நாளில் காற்று வடக்கிலிருந்து அடித்தது. வடக்குக் குடா, தெற்குக் குடா என்று எதிரெதிரே இரண்டு துறைமுகங்கள் இருப்பதன் அருமை அன்றுதான் தெரிந்தது. படகு தெற்கில் வந்து கட்டியது. கம்பளித் தொப்பி அணிந்த மூதாட்டி ஒருவர், ஒரு கையில் கடைப் பையும் மறு கையில் கைப்பிடிக் கம்பியுமாக, படகு மூன்றாம் முறை சுவரில் இடிக்கும்வரை காத்திருந்து, சரியான கணத்தில் இறங்கினார். இன்றைக்கும் எழுபது நிமிடக் கடல் இது. நூறு ஆண்டுகளுக்கு முன், குளிர்காலப் புயலில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தால் யாரை நம்பியிருந்திருப்பார்கள்? எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, எந்த வீட்டில் எரியவில்லை என்பதை மருத்துவிச்சியைவிட நன்றாக அறிந்தவர் அந்தத் தீவில் வேறு யார்?

உட்சிராவின் பெயர் உலகத்தில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. 1984 முதல் பிரித்தானிய வானொலியின் கடல் வானிலை அறிக்கையில் உங்கள் பெயரைக் கொண்ட இரண்டு கடற்பகுதிகள் வாசிக்கப்படுகின்றன, அதுவும் பழைய எழுத்துக்கூட்டலில். கடலடியில் ஒரு மணற்கல் அடுக்குக்கு உங்கள் பெயர். 1996 முதல் ஸ்லைப்னர் எரிவாயு வயலிலிருந்து வரும் கரியமில வாயுவை அதற்குள்தான் செலுத்துகிறார்கள். 2019இல் உற்பத்தி தொடங்கிய யொஹான் ஸ்வெர்துருப் எண்ணெய் வயல் 'உட்சிரா மேடு' என்ற பகுதியில் இருக்கிறது. மிதக்கும் காற்றாலைகளுக்காக 2020இல் திறக்கப்பட்ட கடற்பரப்பு 'உட்சிரா வடக்கு'. வந்து போகும் பறவைகளைப் பார்க்கவும் ஆட்கள் தொலைநோக்கியோடு வருகிறார்கள். இவ்வளவு பேரும் எடுத்துப் புழங்குகிற பெயரின் சொந்தக்காரர்கள் ஏறக்குறைய இருநூறு பேர். அவர்களோ தங்கள் தீவை வெறுமனே 'சிரா' என்கிறார்கள்.

ஆனால் இவற்றில் எதுவும் தீவு மக்கள் தாமே செய்ததல்ல. 'நோர்வேயின் மிகச் சிறிய கொம்யூன்' என்ற பட்டமும் அப்படித்தான். நாளைக்கு வேறொன்று உங்களைவிடச் சுருங்கினால் அது போய்விடும். 1960களின் இணைப்பில் நாட்டின் கொம்யூன்கள் எழுநூற்றுச் சொச்சத்திலிருந்து 454 ஆகக் குறைந்தபோதும், 2020இல் 356 ஆகக் குறைந்தபோதும் உட்சிரா தனித்தே நின்றது. மீண்டும் அந்தப் பேச்சு எழாது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இருநூறு பேருக்கும் ஏழு இலட்சம் பேர் வாழும் ஒஸ்லோவுக்கும் ஒரே கடமைகளை விதிக்கிற சட்டம் நியாயமானதுதானா என்ற கேள்வி இருந்துகொண்டே இருக்கிறது. அப்போது உங்கள் தரப்பில் எடுத்து வைக்கத்தக்கது பட்டம் அல்ல. தன் அலுவலைத் தானே பார்க்க முடியும் என்று இந்தத் தீவு தொடக்கத்திலேயே காட்டிய அந்த மூன்று ஆண்டுகள்தான்.

ஆகவே என் கோரிக்கை இது. நூற்றாண்டை முன்னிட்டு நீங்கள் எதைச் செய்தாலும், 1926 முதல் 1928 வரையான மன்றத் தீர்மானங்களைத் தேடி எடுத்து, எல்லோரும் வாசிக்கும் வகையில் வெளியிடுங்கள். எந்தப் பாதைக்குப் பணம் ஒதுக்கினார்கள், எந்தக் கோரிக்கையை மறுத்தார்கள், எதில் சண்டை பிடித்தார்கள் என்பதெல்லாம் வரட்டும். தப்பான முடிவுகள் இருந்தால் அவையும் வரட்டும்; ஆண்கள் நடத்திய மன்றங்களிலும் அவை நிறைய உண்டு. ஓசா ஹெல்கெசெனின் பெயரோடு நின்றுவிடாமல், மற்றப் பத்துப் பெண்களின் பெயர்களும் தொழில்களும் முழுதாக எழுதப்படட்டும். பன்னிரண்டாவது இடத்தில் இருந்த அந்த ஒற்றை ஆணையும் விட்டுவிடாதீர்கள். அவர் பாடு எப்படி இருந்ததென்று அறிய எனக்குத் தனிப்பட்ட ஆவல் உண்டு.

1844இல் ஏற்றப்பட்ட உங்கள் கலங்கரை விளக்கத்தில் இரண்டு கோபுரங்கள் நிற்கின்றன. 1890 முதல் ஒன்றில் மட்டுமே விளக்கு எரிகிறது. எரியாத கோபுரத்தையும் இடிக்காமல் வைத்திருக்கிற ஊரிடம் இதைக் கேட்பது பொருந்தும் என்று நம்புகிறேன்.

தீர்மானங்கள் வெளிவந்தால், கூலி எதுவும் இல்லாமல் அவற்றைத் தமிழில் பெயர்த்துத் தர ஆயத்தமாக இருக்கிறேன். பழைய கையெழுத்தை வாசிப்பதற்கு மட்டும் உங்களில் ஒருவர் உதவ வேண்டியிருக்கும்.

இங்ஙனம்,
மேற்குக் கரையிலிருந்து ஒரு தமிழ் வாசகன்