டிக்கெட்டில் யார் பெயர்?

அன்புள்ள கண்ணம்மா,

மாப்பிள்ளை அனுப்பிய டிக்கெட்டைப் பார்த்தேன். சித்திரைத் திருவிழாவுக்கு எல்லோரும் வருவதில் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் உன் பெயருக்குப் பின்னால் மாப்பிள்ளை பெயர் போட்டிருக்கிறது. உன் ஆதாரில் இன்னும் என் பெயர்தானே இருக்கிறது? டெல்லி விமான நிலைய வாசலில் நிற்கிற சிஐஎஸ்எஃப் வீரருக்கு நீ யார் மகள், யார் மனைவி என்ற கதையெல்லாம் வேண்டாம். டிக்கெட்டும் அட்டையும் ஒத்துப்போகிறதா என்றுதான் பார்ப்பார்.

நம் பக்கத்து ஆட்களுக்கே உள்ள தொல்லை இது. நமக்கு இருப்பது இனிஷியல். டிக்கெட் போடும் தளத்தில் கேட்பது 'லாஸ்ட் நேம்'. அந்தக் கட்டத்தைக் காலியாக விடவும் முடியாது, தோன்றியதைப் போடவும் கூடாது. எந்த அட்டையைக் காட்டப் போகிறாயோ அதில் இருக்கிறபடி போட வேண்டும். உன் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியிருப்பார்கள், அதையும் ஒருமுறை எடுத்துப் பார்.

மாப்பிள்ளை நேற்று ராத்திரிதான் டிக்கெட் போட்டார், அதுவும் விமான நிறுவனத்தின் தளத்திலேயே. அப்படியானால் 24 மணி நேரத்துக்குள் சொன்னால் அதே ஆளின் பெயரைத் திருத்தக் காசு வாங்கக் கூடாது என்பது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற டிஜிசிஏவின் விதி. ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தால் இந்தச் சலுகை கிடையாது. அதனால் இன்றைக்கே பேசச் சொல்.

சம்பந்தியம்மா ஆதாரைத் தேடி அலைய வேண்டாம். வாக்காளர் அட்டையே போதும். பான் அட்டை, ஓட்டுநர் உரிமம் எதுவானாலும் சரி. ஆனால் அசல் வேண்டும். வாட்ஸ்அப்பில் கிடக்கிற போட்டோவைக் காட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். உன் போனில் எம்ஆதார் என்கிற ஆதார் செயலி இருக்கிறது, அதைத் திறந்து காட்டலாம். இருந்தாலும் அட்டையையும் எடுத்துக்கொள். போனில் சார்ஜ் எப்போது தீரும் என்று யாருக்குத் தெரியும்?

பயலுக்குத் தனி அட்டை தேவையில்லை, உங்கள் அட்டையே போதும். ஆனால் இரண்டு வயது ஆகாத குழந்தைக்கான டிக்கெட் என்பதால் கவுண்டரில் வயதுச் சான்று கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழை மறக்காதே. அதில் அவன் பெயரைச் சேர்த்தாயிற்றா? பதிவு செய்த 12 மாதத்துக்குள் என்றால் கட்டணமில்லை.

டிஜி யாத்ராவில் முகத்தைக் காட்டிவிட்டுப் போகலாம் என்கிறார் மாப்பிள்ளை. அவர் போகட்டும், அது கட்டாயமில்லை. சம்பந்தியம்மாவையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு நீ சாதாரண வரிசையிலேயே வா.

அட்டைகளையெல்லாம் கைப்பையில் வை. பெட்டியில் போட்டுவிட்டால் அது உங்களுக்கு முன்னே மதுரைக்குக் கிளம்பிவிடும்.

அன்புடன்,
அப்பா