அப்போதே சொன்னார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரபலம் ஒருவர் மீது பாலியல் புகார் வந்துவிட்டால் போதும், அன்று சாயங்காலத்துக்குள் எல்லாப் பக்கமும் ஒரே கேள்விதான்: "இத்தனை வருஷம் என்ன பண்ணிக்கொண்டிருந்தார்? அப்போதே ஏன் சொல்லவில்லை?" புகாரை முழுக்கப் படித்தவர்களும் கேட்கிறார்கள், தலைப்பைத் தாண்டாதவர்களும் கேட்கிறார்கள். தங்கள் பத்திரிகையின் வாசகர் கடிதங்களிலேயே இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். கேட்பவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தில் கேட்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை, நிறையப் பேர் உண்மையிலேயே புரியாமல்தான் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போதே சொல்லியிருந்தால் நாம் காது கொடுத்திருப்போம், நடவடிக்கை எடுக்கச் சொல்லியிருப்போம் என்று நினைத்துக்கொண்டுதான் இந்தக் கேள்வியைக் கேட்கிறோம். ஆனால் உலகமே அறிந்த வழக்குகளை எடுத்துப் பாருங்கள். அநேகமாக ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் அப்போதே சொல்லியிருக்கிறார். கேட்கத்தான் ஆள் இல்லை.

அமெரிக்க நகைச்சுவை நடிகர் பில் காஸ்பியை எடுத்துக்கொள்வோம். அந்த நாட்டுக்கே அப்பா மாதிரி இருந்தவர். ஆண்ட்ரியா கான்ஸ்டாண்ட் என்ற பெண் அவர் மீது 2005 ஜனவரியில் போலீசில் புகார் கொடுத்தார். சம்பவம் நடந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. வழக்குப் போட முடியாது என்று அரசு வழக்கறிஞர் கைவிரித்தார். கான்ஸ்டாண்ட் சிவில் வழக்குக்குப் போனபோது, எனக்கும் இப்படி நடந்தது என்று சாட்சி சொல்ல இன்னும் 13 பெண்கள் தயாராக இருந்தார்கள். இதெல்லாம் ரகசியம் இல்லை, செய்தியாக வெளிவந்தது. ஆனாலும் 2009இல் நகைச்சுவைக்கான மிகப் பெரிய விருதான மார்க் ட்வைன் பரிசை காஸ்பிக்குத்தான் கொடுத்தார்கள். 2014 அக்டோபரில் ஹானிபல் புரெஸ் என்ற இன்னொரு நகைச்சுவைக் கலைஞர் மேடையில் இதைச் சொல்லிப் பேசிய காணொளி பரவிய பிறகுதான் ஊர் திரும்பிப் பார்த்தது. பெண்கள் போலீசிலும் கோர்ட்டிலும் சொன்னது ஒன்பது வருஷமாக எடுபடவில்லை, ஒரு ஆண் மேடையில் சொன்னது சில நாளில் எடுபட்டது. அடுத்த ஆண்டு 'நியூயார்க்' பத்திரிகையின் அட்டையில் 35 பெண்கள் ஒரே மாதிரி நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஒரு நாற்காலி மட்டும் காலியாக விடப்பட்டிருந்தது, இன்னும் வாய் திறக்காதவர்களுக்காக. அந்தப் பெண்களின் முகங்களைப் பார்த்தாலே தெரியும், பலருக்குப் பேரக்குழந்தைகள் இருக்கும் வயது. அவர்களைப் பார்த்தும் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இருந்தார்கள்.

சரி, பழைய கதை என்பார்கள். அன்றைக்கே, கையில் ஆதாரத்தோடு சொன்னவருக்கு என்ன ஆனது என்று பார்ப்போம். 2015 மார்ச்சில் அம்ப்ரா பட்டிலானா குடியரெஸ் என்ற மாடல், ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாக அன்றே நியூயார்க் போலீசுக்குப் போனார். மறுநாள் உடம்பில் ஒலிப்பதிவுக் கருவியை மறைத்துக்கொண்டு அதே மனிதரைத் திரும்பச் சந்தித்தார், பேச்சும் பதிவானது. இதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்து நடந்தது என்ன? பரபரப்புப் பத்திரிகைகள் அந்தப் பெண்ணின் பழைய வாழ்க்கையைத் தோண்டின, எந்த விருந்துக்குப் போனார், யாருடன் இருந்தார் என்று பக்கம் பக்கமாக எழுதின. அடுத்த மாதமே அரசு வழக்கறிஞர் அலுவலகம் வழக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தது. இரண்டரை ஆண்டு கழித்து, 2017 அக்டோபரில், 'நியூயார்க் டைம்ஸ்' செய்தி வந்து உலகமே கொதித்தபோதுதான் அந்த ஒலிப்பதிவைப் பொதுமக்கள் கேட்டார்கள். அவர் அப்போதே சொன்னார், ஆதாரத்தையும் கொடுத்தார். பலன் இவ்வளவுதான்.

பிரிட்டனின் ஜிம்மி சவில் விஷயத்தை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. தொலைக்காட்சி நட்சத்திரம், நன்கொடை திரட்டும் தர்மவான், சர் பட்டம் வாங்கியவர். 2011இல் இறந்தபோது அஞ்சலி செலுத்தக் கூட்டம் வரிசையில் நின்றது. அடுத்த ஆண்டு ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சில பெண்கள் பேசினார்கள். 2013 ஜனவரியில் போலீசும் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையின்படி சுமார் 450 பேர் முன்வந்து தகவல் கொடுத்திருந்தார்கள். அதில் சிறுவர்களும் உண்டு, இதைப் பெண்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் சகஜமாகப் போய் வந்த மருத்துவமனைகளில், நோயாளிகள் அப்போதே ஊழியர்களிடம் சொல்லியிருந்ததும் அது மேலிடத்துக்குப் போகவே இல்லை என்பதும் பின்னால் நடந்த விசாரணைகளில் தெரிந்தது. சிறுமியாக வார்டில் படுத்திருந்த ஒருவர் பிற்பாடு சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. சவில் வரும்போது தூங்குவதுபோல நடிக்கச் சொல்லி நர்சுகளே சொல்லிவைத்தார்களாம். பெரியவர்களுக்கே அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர முடிந்தது அவ்வளவுதான் என்றால், பிள்ளைகள் யாரிடம் போய்ச் சொல்வார்கள்?

அமெரிக்கப் பாடகர் ஆர். கெல்லி மீதான பாலியல் புகார்கள் பற்றி சிகாகோ நாளிதழ் முதலில் எழுதியது 2000இல். அவருக்கு 30 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது 2022இல். நடுவே ஒரு வழக்கில் விடுதலையும் ஆனார், பாட்டுகளும் ஓடிக்கொண்டே இருந்தன.

நமக்குப் பக்கத்திலேயே, மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலை பற்றி விசாரிக்க 2017இல் நீதிபதி ஹேமா கமிட்டி அமைக்கப்பட்டது. பெண்கள் போய் உட்கார்ந்து, நடந்ததை எல்லாம் சொன்னார்கள். 2019 கடைசியில் அறிக்கை அரசின் கைக்குப் போய்விட்டது. அது வெளியே வந்தது 2024 ஆகஸ்டில், அதுவும் பல பகுதிகள் நீக்கப்பட்டு. ஏறக்குறைய நாலரை வருஷம் அலமாரியில் கிடந்தது. அறிக்கை வெளிவந்த வாரத்திலும் அதே கேள்விதான்: "அப்போதே ஏன் சொல்லவில்லை?"

இதற்கு அடுத்து வருவது போட்டோ. பிரபலத்தோடு அந்தப் பெண் சிரித்துக்கொண்டு நிற்கும் ஏதாவது ஒரு பழைய படத்தை யாராவது எடுத்துப் போடுவார்கள். "பாதிக்கப்பட்டவர் இப்படிச் சிரிப்பாரா?" என்று ஒரு வரி போதும், ஆயிரக்கணக்கானவர்கள் பகிர்ந்துவிடுவார்கள். வைன்ஸ்டீன் வழக்கிலும் இதுவேதான் நடந்தது. சம்பவத்துக்குப் பிறகு அந்தப் பெண்கள் அன்பாக அனுப்பிய மின்னஞ்சல்களை அவரது வழக்கறிஞர்கள் கோர்ட்டில் ஒவ்வொன்றாகப் படித்தார்கள். பார்பரா ஸிவ் என்ற மனநல மருத்துவர் சாட்சிக் கூண்டில் ஏறி, தெரிந்தவரால் பாதிக்கப்பட்டவர்கள் அவருடன் தொடர்பில் இருப்பது சகஜம்தான் என்று விளக்கினார். இதைப் புரிந்துகொள்ள மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. வேலை அவர் கையில், அடுத்த வாய்ப்பு அவர் கையில், அவர் ஒரு வார்த்தை சொன்னால் அந்தத் துறையில் யாரும் கூப்பிட மாட்டார்கள். இந்த நிலையில் இருப்பவர் மேடையில் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தால் சிரிக்கத்தான் செய்வார். மேலதிகாரி எவ்வளவு அவமானப்படுத்தினாலும் மறுநாள் காலையில் 'குட் மார்னிங் சார்' சொல்கிறோமே, அது என்னவாம்?

"அதற்காக, யார் என்ன சொன்னாலும் நம்பிவிட வேண்டுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வேண்டாம். 2014இல் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை ஒரு பல்கலைக்கழகத்தில் கூட்டுப் பாலியல் வன்கொடுமை நடந்ததாகப் பெரிய கட்டுரை வெளியிட்டது. சரிபார்க்க வேண்டியதைச் சரிபார்க்கவில்லை என்று தெரியவந்து, அடுத்த ஆண்டு கட்டுரையையே திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குள் அங்கிருந்த மாணவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதனால்தான் சொல்கிறேன், விசாரணை வேண்டும், சரிபார்க்கும் பத்திரிகை வேண்டும். ஆனால் ஒருவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது வேறு, இன்னொருவருக்குத் தண்டனை கொடுப்பது வேறு. குற்றம் நிரூபிக்கப்படும் வரை அவர் நிரபராதி என்பது நீதிமன்றத்துக்கான விதி, அது இருந்தே ஆக வேண்டும். அதே விதியைச் சொல்லிக்கொண்டு, எந்த விசாரணையும் இல்லாமலே அந்தப் பெண்ணைப் பொய்க்காரி, பணத்துக்காகச் செய்கிறாள் என்று ஒரே நாளில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்களே, அவருக்கு அந்த விதி கிடையாதா?

"ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பெயர் போகிறதே" என்பார்கள். இதற்கு டெல்லி நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் பதில் சொல்லிவிட்டது. பத்திரிகையாளர் பிரியா ரமணி 2018இல் சொன்ன குற்றச்சாட்டை மறுத்து, அப்போது மத்திய இணையமைச்சராக இருந்த எம்.ஜே. அக்பர் அவதூறு வழக்குப் போட்டார். ரமணியை விடுவித்த நீதிமன்றம், பெண்ணின் கண்ணியத்தை விலையாகக் கொடுத்து இன்னொருவரின் நற்பெயரைக் காக்க முடியாது என்றது. பத்து இருபது ஆண்டுகள் கழித்தும், தான் விரும்பும் இடத்தில் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்றும் சொன்னது. ஆக "அப்போதே ஏன்" என்ற கேள்வியை நீதிமன்றமே ஒதுக்கிவைத்துவிட்டது, நாம்தான் விடமாட்டேன் என்கிறோம்.

இதில் என்னை மிகவும் கோபப்படுத்துவது கட்சி பிரிந்து நிற்பது. எதிர் முகாமைச் சேர்ந்தவர் மாட்டினால் அன்று ராத்திரியே தூக்கில் போடச் சொல்கிறோம். நம் ஆள் என்றால், நம் கொள்கைக்காரர் என்றால், நமக்குப் பிடித்த நடிகர் என்றால் "விசாரணை முடியட்டும், இதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்" என்று திடீரென்று நிதானம் வந்துவிடுகிறது. அந்த நிதானம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் நான் ஏன் எழுதப் போகிறேன்? தூக்கில் போடச் சொன்னவர்களும் மூன்றாம் நாள் அடுத்த பரபரப்புக்குப் போய்விடுகிறார்கள். வழக்கு ஐந்து வருஷம், ஆறு வருஷம் இழுக்கும்போது புகார் கொடுத்தவருடன் கோர்ட் வராந்தாவில் உட்கார யாரும் இருப்பதில்லை.

நாம் பேசுவது அந்தப் பிரபலத்தின் காதுக்குப் போகப் போவதில்லை, பக்கத்தில் இருப்பவர்களின் காதுக்குப் போகிறது. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இப்படி ஒரு செய்தி வந்த அன்று, நாலைந்து பேர் கணினித் திரையைச் சுற்றி நின்றுகொண்டு அந்தப் பெண்ணின் உடை, பழைய பேட்டி எல்லாவற்றையும் அலசி ஆராய்ந்து சிரித்தார்கள். எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் தலையைத் தூக்காமல் வேலை செய்துகொண்டிருந்தாள். சாயங்காலம் என்னிடம் மட்டும் வந்து சொன்னாள்: "அக்கா, இதுக்குத்தான் நான் எங்க வீட்டிலகூட சொல்லல." என்ன நடந்தது என்று நான் துருவிக் கேட்கவில்லை, பிறகு அவளாகவே சொன்னாள். சிரித்தவர்களில் ஒருவர் உண்மையிலேயே நல்ல மனிதர், தெரிந்திருந்தால் அவளுக்காக முதல் ஆளாகப் போய் நின்றிருப்பார். ஆனால் அன்றைக்கு அவர் சிரித்ததைப் பார்த்த பிறகு அவரிடம் போய் அவள் எப்படிச் சொல்வாள்?

ஆசிரியர் அவர்களே, தங்களிடமும் சில வேண்டுகோள்கள் உண்டு. புகார், முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு எல்லாம் வேறு வேறு. தலைப்பில் இவற்றைக் குழப்ப வேண்டாம். புகார் கொடுத்த பெண் தானாகப் பெயரைச் சொல்லி முன்வந்திருந்தாலும், அவரது பழைய கவர்ச்சிப் படத்தைத் தேடி எடுத்துச் செய்திக்கு மேலே போட வேண்டாம். பெயர் சொல்லாதவர் என்றால் "அந்த ஆண்டு அந்தப் படத்தில் நடித்தவர்" என்று அடையாளம் காட்டும் துப்புகளும் வேண்டாம், உச்ச நீதிமன்றமே அதைக் கூடாது என்று 2018இல் சொல்லியிருக்கிறது. யாரோ நாலு பேர் கேவலமாக எழுதியதை எடுத்து 'நெட்டிசன்கள் கேள்வி' என்று செய்தியாக்குவதை இனியாவது நிறுத்துங்கள். அந்தக் கேவலத்துக்கு அச்சில் மரியாதை கிடைத்துவிடுகிறது.

இன்னொன்று, முதல் நாள் கொட்டை எழுத்தில் போடும் செய்தியைப் பாதியில் விட்டுவிடாதீர்கள். பிற்பாடு தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த பில் காஸ்பி, மேல்முறையீட்டில் 2021இல் வெளியே வந்தபோது, அவர் குற்றமே செய்யவில்லை என்று கோர்ட் சொன்னதாகப் பலர் நினைத்துக்கொண்டார்கள். வழக்குப் போடுவதில்லை என்று முன்பிருந்த அரசு வழக்கறிஞர் உறுதி கொடுத்திருந்ததால் இந்த வழக்கே செல்லாது என்றுதான் நீதிமன்றம் சொன்னது. இந்த வித்தியாசத்தை வாசகருக்கு விளக்க அரைப் பத்தி போதும். அதேபோல் விசாரித்து, ஆதாரமில்லை என்று விடுதலையான ஒருவரை அதற்குப் பிறகும் குற்றவாளி மாதிரியே எழுதுவதும் அநியாயம். தீர்ப்பு வரும் நாளில், புகார் வந்த நாளில் கொடுத்த அதே பக்கத்தில் அதே அளவில் செய்தி போடுங்கள். விடுதலையானாலும் சரி, தண்டனையானாலும் சரி.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி