கிடாயோடு ஒரு கொப்பியும் கொடுங்கள்

யாழ்ப்பாண மாவட்டத்தின் கால்நடை வளர்ப்போர் கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளுக்கும், வாழ்வாதார உதவியாக ஆடு வழங்கும் உள்ளூர், புலம்பெயர் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் மிருக வைத்தியன் அல்லன். சங்கக்கடைகளின் பேரேட்டை முப்பது ஆண்டுகள் எழுதிவிட்டு ஓய்வுபெற்றவன். இப்போது வேலணையில், தரவைப் புல்வெளியை ஒட்டிய காணியில் பதினான்கு செம்மறி மறிகளையும், அதாவது பெண் ஆடுகளையும், ஒரு கிடாயையும் வைத்திருக்கிறேன். கணக்கெழுதிய கை சும்மா இருக்கவில்லை; அவற்றுக்கும் ஒரு சீ.ஆர். கொப்பி போட்டேன். அந்தக் கொப்பி எனக்குக் காட்டியதை வைத்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைப்பினர் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் செம்மறி வழங்கினார்கள். பந்தல், பதாகை, படப்பிடிப்பு எல்லாம் முறையாக நடந்தன. என் அக்காவுக்கு இரண்டு மறிகள் கிடைத்தன. நான்கு குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு கிடாயும் வந்தது. கழுத்தை நிமிர்த்திக்கொண்டு இராசா போல நின்றது. இதன் தாய் இதுவரை எத்தனை குட்டிகளை வளர்த்து எடுத்தது என்று கேட்டேன். பெண் வீட்டாரின் சாதகத்தைக் கேட்டவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்கள். கையொப்பம் வாங்கிய தாளில் குடும்பத் தலைவியின் பெயருக்கும் அடையாள அட்டை இலக்கத்துக்கும் விதானையார் பிரிவுக்கும் கட்டம் இருந்தது. ஆட்டைப் பற்றி எழுத ஒரு கட்டமும் இல்லை. அக்காவுக்குக் கிடைத்த மறிகளில் ஒன்றின் வாயைத் திறந்து பார்த்தபோது முன்பற்கள் தேய்ந்து, இரண்டு விழுந்தும் இருந்தன; வயது போன ஆடு. அது ஒரே ஒரு முறை ஈன்றது. பொதுக் கிடாய் ஐந்து ஆண்டுகள் அதே நான்கு வீடுகளில் நின்று, தன் மகள்களையும் பிறகு மகள்களின் மகள்களையும் சினையாக்கியது. குட்டிகள் ஆண்டுக்காண்டு சிறுத்ததற்குத் தண்ணீரையும் காலத்தையும் கண்ணூறையும் காரணம் சொன்னோம்.

என் பட்டியிலும் நான் அதே புத்தியோடுதான் தொடங்கினேன். மயிலி என்று ஒரு மறி. வெள்ளை உடம்பு, பளபளவென்ற மயிர், முதுகில் கை வைத்தால் எலும்பு தட்டாது. வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் விலை கேட்டார்கள். கறுப்பி என்று இன்னொன்று. விலா எலும்பை எண்ணலாம். கறுப்பியை விற்றுவிட்டு மயிலியின் வழியைப் பெருக்குவோம் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் ஆண்டில் கொப்பியைக் கூட்டிப் பார்த்தேன். மயிலி அதுவரை வளர்த்து எடுத்தது இரண்டே குட்டிகள். கறுப்பி ஐந்து, அதில் இரண்டு ஈற்று இரட்டை. பால் கொடுத்துக் குட்டி வளர்த்த உடம்பு மெலிந்திருக்கிறது. ஒன்றும் செய்யாமல் தின்ற உடம்பு மினுங்குகிறது. இதைக் கண் சொல்லாது. பற்றும் வரவும் எழுதினால்தான் தெரியும். மயிலியை அந்தத் தீபாவளிக்கே விற்றேன். நல்ல விலை போனது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு பெரிய தவறு நடக்கிறது. வீட்டில் பணத் தேவை வந்தால் எந்தக் கிடாய்க்குட்டியை விற்கிறோம்? தரகர் வந்து நின்றவுடன் எது அவர் கண்ணில் படுகிறதோ அதை. வேகமாக வளர்ந்த குட்டி ஆறாம் மாதத்திலேயே இறைச்சிக்கடைக்குப் போய்விடுகிறது. வாங்க ஆளில்லாத நோஞ்சான் பட்டியிலேயே தங்கி, அடுத்த ஆண்டு எல்லா மறிகளுக்கும் மாப்பிள்ளையாகிறது. சிறுத்த ஆடுகளைத் திட்டம் போட்டு உருவாக்க நினைத்தாலும் இதைவிட நல்ல வழி அகப்படாது. ஒரு மறி ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ குட்டிதான் தரும். கிடாயோ அந்த ஆண்டின் அத்தனை குட்டிகளுக்கும் தகப்பன். அந்த இடத்தில் விலைபோகாத மிச்சத்தை வைக்கிறோம்.

பழைய ஆட்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுடைய கணக்கு வேறு. அன்று செம்மறியின் முதல் வருமானம் எரு. புகையிலைத் தோட்டத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் இரவில் பட்டி அடைத்தார்கள். தோட்டக்காரனுக்குத் தலை எண்ணிக்கைதான் முக்கியம். ஐம்பது ஆடு நின்றால் ஐம்பது ஆட்டின் பிழுக்கை. எந்த மறி எந்தக் குட்டியை ஈன்றது என்று எழுதிவைக்க ஒரு தேவையும் இருக்கவில்லை. இன்று காசு வருவது இறைச்சியில். மறி ஒன்று ஓராண்டில் பால்மறக்க வளர்த்துத் தரும் குட்டிகளின் மொத்த எடைதான் இன்றைய இலாபத்தின் அளவு. தொழில் மாறிவிட்டது, கணக்கு மாறவில்லை.

எழுதுவதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். காதில் ஓர் இலக்கத் தகடு. பிறந்த தேதி, தாய், தகப்பன், ஒற்றையா இரட்டையா, பிறந்த எடை, மூன்று மாத எடை. ஒரு தொங்கு தராசும் ஒரு சாக்கும் போதும். குட்டியைச் சாக்கில் இறக்கித் தூக்கிவிட்டால் முடிந்தது. எடையை வயதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பது ஒன்றுதான் நுட்பம். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரே நாளில் இரண்டு குட்டிகளை நிறுக்கிறோம். ஒன்று 12 கிலோ, மற்றது 10.8 கிலோ. பார்த்தவுடன் முதலாவதைத்தான் பிடிப்போம். ஆனால் முதலாவதின் வயது 100 நாள், பிறந்த எடை 2 கிலோ. நாளுக்கு 100 கிராம் வளர்ந்திருக்கிறது. 90ஆம் நாளுக்குக் கணக்குப் பார்த்தால் 11 கிலோ. இரண்டாவதின் வயது 80 நாள், பிறந்த எடை 1.8 கிலோ. நாளுக்கு 112 கிராமுக்கு மேல். 90ஆம் நாளுக்கு 11.9 கிலோ வருகிறது. இருபது நாள் இளையது, உண்மையில் முந்தி ஓடுகிறது.

இரட்டைக் குட்டிகள் விடயத்தில் கண் இன்னும் மோசமாக ஏமாற்றும். ஒற்றையாகப் பிறந்த குட்டி தாய்ப்பால் முழுவதையும் தானே குடித்து 12 கிலோ நிற்கும். இரட்டையில் ஒவ்வொன்றும் ஒன்பதரைதான் நிற்கும். பெரியதையே தேர்ந்து தேர்ந்து வைத்தால், இரட்டை ஈனும் வழியை நாமே பட்டியிலிருந்து களைகிறோம். அந்தத் தாய் வளர்த்தது 19 கிலோ என்று கொப்பியைத் தவிர யார் சொல்வார்கள்? அதனால்தான் கணக்கு முறையாக வைக்கும் நாடுகளில் ஒற்றை, இரட்டை, தாயின் வயது, கிடாயா மறியா என்பதற்கெல்லாம் எடையைத் திருத்திய பிறகே ஒப்பிடுகிறார்கள். முதல் ஈற்றுத் தாயின் குட்டியையும் நான்காம் ஈற்றுத் தாயின் குட்டியையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம்.

இனி உங்களிடம் வருகிறேன். இவ்வளவையும் நான் தனியே எழுதி என்ன பயன் என்று அக்கா கேட்டாள். பாதி நியாயமான கேள்வி. வளர்ச்சி வேகத்தில் பரம்பரையின் பங்கு ஏறத்தாழ நூற்றில் இருபது முதல் முப்பது. எத்தனை குட்டி ஈனும் என்பதில் அது இன்னும் குறைவு, நூற்றில் பத்தளவுதான். மிச்சமெல்லாம் தீனி, நோய், மழை, பராமரிப்பு. ஆகவே ஒரு மறி ஒரு தடவை இரட்டை ஈன்றது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதன் பல ஈற்றுகளும், அதன் தாய், சகோதரிகள், மகள்மாரின் கணக்கும் ஒன்றாகச் சேரவேண்டும். அப்படி உறவினரின் பதிவுகளையெல்லாம் சேர்த்து ஒவ்வொரு விலங்கின் வித்து மதிப்பை, அதாவது அது தன் குட்டிகளுக்குக் கடத்தும் பரம்பரைத் தரத்தை, கணிக்கும் முறையை அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த சார்ள்ஸ் ஹென்டர்சன் வகுத்தார். அவுஸ்திரேலியாவில் 1989 முதல் லாம்ப்பிளான் என்ற திட்டம் செம்மறிக்கு அதைச் செய்துவருகிறது. அங்கே கிடாய் வாங்குகிறவர் அதன் கொம்பைப் பார்க்குமுன் அதன் எண்களைப் பார்க்கிறார். ஐந்து ஆடும் பத்து ஆடும் வைத்திருக்கும் நம் வீடுகளில் ஒரு வீடு தனியாக இதைச் செய்ய முடியாது. நாற்பது வீட்டுக் கொப்பிகள் ஒரு மேசைக்கு வந்தால் முடியும். அந்த மேசை உங்களிடம்தான் இருக்கிறது.

இன்னொன்றும் வேண்டும். என் குட்டி கனமாக இருப்பது கிடாயாலா, என் மனைவி ஒடித்துப் போடும் பூவரசங்குழையாலா? ஒரே கிடாய் இரண்டு மூன்று வீடுகளில் நின்று, அங்கெல்லாம் அதன் குட்டிகள் அந்தந்த வீட்டு மற்றக் குட்டிகளை முந்தினால்தான் கிடாயின் புகழ் உண்மை. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் ரொபர்ட் பேக்வெல் (1725–1795) என்ற பண்ணையார் கிடாய்களை விற்காமல் பருவத்துக்குப் பருவம் அயலவர்களுக்கு வாடகைக்கு விட்டார். காசும் வந்தது, எந்தக் கிடாயின் குட்டிகள் எங்கெங்கே எப்படி வருகின்றன என்ற சோதனையும் நடந்தது. மனிதர் தன் இரகசியங்களை வெளியே விடவில்லை என்பார்கள். நமக்கு அந்தக் குணம் வேண்டாம், அந்த ஏற்பாடு போதும். சங்கத்தின் பெயரில் கிடாய்கள் இருக்கட்டும். இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை வேலணைக் கிடாய் புங்குடுதீவுக்கும், புங்குடுதீவுக் கிடாய் வடமராட்சிக்கும் போகட்டும். மகளோடு தகப்பனைக் கட்டிவைக்கும் வேலையும் அதோடு நிற்கும்.

கிடாயை வெளியிலிருந்து கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் உங்கள் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறது. பெரிய உடம்புக்குப் பெரிய வயிறு. ஆவணித் தரவையில் என்ன புல் நிற்கிறது என்று போய்ப் பாருங்கள். வெளியிலிருந்து எடுப்பதை நான் முழுதாக மறுக்கவில்லை. மகாராட்டிரத்தின் பல்தான் ஊரில் நிம்ப்கர் ஆய்வு நிறுவனத்தார், வங்காளத்தின் சிறிய காரோல் செம்மறியில் இரட்டை ஈனச் செய்யும் மரபணு இருப்பதை அறிந்து, அதைத் தங்கள் தக்காணிச் செம்மறிக்குள் கொண்டுவந்தார்கள். ஆனால் அவர்கள் ஒவ்வொரு ஈற்றையும் எழுதினார்கள். எழுதாதவன் கையில் அந்த மரபணு கிடைத்தாலும், இரட்டையில் ஒன்று பாலில்லாமல் சாகும். எதனால் செத்தது என்றும் தெரியாது.

நம் செம்மறி சிறியதுதான். கோடையில் காய்ந்த புல்லையும் தாங்கும், வெயிலையும் தாங்கும். அது தாங்காதது மாரி. என் கொப்பியின் முதல் இரண்டு ஆண்டுகளில் இறந்த குட்டிகளின் தேதிகளை ஒரு தாளில் எடுத்து எழுதினேன். ஏறக்குறைய எல்லாமே ஐப்பசி, கார்த்திகை. ஈரக் கொட்டில், குளிர், புழு. செம்மறிக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். வைகாசியிலும் ஆனியிலும் கிடாயை மறிகளோடு விட்டால் குட்டி மழைக்குள்தான் விழும். இப்போது ஆடி முடியும்வரை கிடாயைப் பிரித்துக் கட்டுகிறேன். குட்டிகள் மார்கழிக் கடைசியிலும் தையிலும் பிறக்கின்றன. மழை விடுகிறது, தாய்க்குப் பச்சைப் புல் இருக்கிறது, நெல் அறுத்த வயலும் திறக்கிறது. இந்த மாற்றத்துக்கு நான் ஒரு சதமும் செலவழிக்கவில்லை. கிடாயின் கத்தலைப் பொறுத்துக்கொண்டதுதான் செலவு.

புழுவையும் கொப்பியில் எழுதலாம். இரத்தம் குடிக்கும் குடற்புழு பிடித்த ஆட்டின் கீழ்க் கண்மடல் வெளிறும். தென்னாபிரிக்காவில் இதற்கென்று சிவப்பிலிருந்து வெள்ளை வரை, ஒன்று முதல் ஐந்து என்று எண்ணிட்ட ஐந்து நிற அட்டை செய்தார்கள்; அந்த எண்ணை எழுதிவந்தால், மருந்து கொடுக்காமலே மாரியைத் தாண்டும் மறி எது, ஒவ்வொரு மாதமும் மருந்துக்கு நிற்கும் மறி எது என்பது தெரிந்துவிடும். இரண்டாவதன் குட்டியைக் கிடாயாக வைக்கவே கூடாது.

ஆடு வழங்கும் அமைப்புகளே, அடுத்த முறை பத்து மறிக்குரிய காசில் ஒன்பது மறி வாங்குங்கள். மிச்சத்தில் ஒரு தராசும் தகடுகளும் கொப்பிகளும் வாங்கி, ஊருக்குள் கணக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு மாதம் ஒரு நாள் சென்று எழுதச் சிறு கூலியும் கொடுங்கள். சங்கத்தாரே, பதிவுள்ள தாயின் நல்ல கிடாய்க்குட்டிக்கு இறைச்சிக்கடை தரும் விலையைவிடக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து, தரகருக்கு முன்னே போய் வாங்குங்கள். வீட்டுக்காரியிடம் நல்ல குட்டியை விற்காதே என்று புத்தி சொல்லிப் பயனில்லை. பிள்ளையின் பள்ளிச் செலவு அடுத்த வாரம் நிற்கிறது. விலை கிடைத்தால் அவளே வைத்திருப்பாள். மிருக வைத்தியர்கள் தடுப்பூசிக்கு வரும்போது அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தாலே போதும். கேட்க ஆள் இருக்கிறது என்றால் எழுதுவதற்கும் மனம் வரும். முப்பது ஆண்டு கணக்குப் பரிசோதகருக்குப் பயந்து எழுதியவன் சொல்கிறேன், நம்புங்கள்.

கறுப்பியின் கடைசி ஈற்றும் இரட்டை, இரண்டும் கிடாய். கண்மடல் சிவப்பு, 90ஆம் நாள் கணக்கில் இரட்டைகளுக்குள் முதலாவதாகவும் இரண்டாவதாகவும் நிற்கின்றன. தரகர் இரண்டு தடவை வந்துபோய்விட்டார், இரண்டாம் தடவை விலையையும் ஏற்றினார். என் பட்டியில் இவற்றை வைத்திருக்க முடியாது. மறிகளில் பாதி இவற்றின் சகோதரிகள். தீபாவளி வரை விற்காமல் கட்டியிருப்பேன். அதற்கு மேல் குழைக்கும் வழியில்லை, மனைவியின் பொறுமைக்கும் வழியில்லை. கொப்பியின் பிரதி தயாராக இருக்கிறது. வருகிறவர் தராசையும் கொண்டுவந்து நிறுத்துப் பார்த்தே கொண்டுபோகலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுக் கணக்கெழுதுநர்,
வேலணை.