புக்கிட் தீமா ஸ்டேஷன் ஏன் பழசாகவே இருக்கிறது

அன்புள்ள கதிர்,

நம் மேசை மேல் இருக்கும் மாதிரி ரயில் ஸ்டேஷனைப் புதுப்பித்து நான் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வேலை பார்த்தும் ஸ்டேஷன் பழசாத்தானேம்மா இருக்கு" என்று கேட்டிருந்தாய். வாட்ஸ்அப்பில் தட்டினால் விரல்தான் வலிக்கும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பழசாக இருக்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தேன். நீயும் அப்பாவும் அந்த மேசையில் அமைத்தது 2011 ஜூன் மாதத்துப் புக்கிட் தீமா, சிங்கப்பூரில் அந்த ஸ்டேஷன் வழியாக ரயில் ஓடிய கடைசி மாதம். 1932இல் கட்டிய கட்டடத்துக்கு அப்போது 79 வயது. பளிச்சென்று சிவப்பு அடித்தால் 2022இல் சீரமைத்துத் திறந்த ஸ்டேஷனாகிவிடும். அங்கே ரயிலுக்கு என்ன வேலை?

தூசியெல்லாம் பழைய மேக்கப் பிரஷ்ஷுக்கே போய்விட்டது. கடைவீட்டு வரிசையைப் பெயர்க்கத்தான் பயந்தேன். நல்லவேளை, வெள்ளைப் பசை போட்டிருந்தீர்கள். ஓரமெல்லாம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, பல்லிடுக்கில் விடும் நூலை அடியில் நுழைத்து இழுத்தேன், முழுசாகக் கிளம்பி வந்துவிட்டது. ஜன்னல்களுக்கு மட்டும் சூப்பர் குளூ. அதன் ஆவி பட்டுப் பிளாஸ்டிக் தாள் வெள்ளையாகப் பூத்துப் போயிருந்தது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதுத் தாள் வெட்டி வைத்தேன். இனி ஜன்னல் பக்கம் அந்தப் பசையைக் கொண்டு போகாதே.

செங்கல் சுவர்தான் நிறைய நேரம் வாங்கியது. நிஜத்தில் 150இல் ஒரு பங்கான இந்த 1:150 அளவில் ஒரு செங்கல் வரிசை அரை மில்லிமீட்டர்தான். அதற்கு நடுவே பளீரென்று வெள்ளைக்கோடு இருந்தால் கட்டம்போட்ட துணி விரித்தமாதிரி தெரிகிறது. சாம்பலும் பழுப்பும் கலந்த அக்ரிலிக் பெயிண்டைத் தண்ணீராகக் கரைத்துச் சுவர் முழுக்கத் தடவி, காய்வதற்குள் காது குடையும் பஞ்சால் மேலாக ஒற்றி எடுத்தேன். பள்ளத்தில் மட்டும் நிறம் தங்கியது. கூரை விளிம்புக்குக் கீழே, ஜன்னல் மூலையில், மழைத்தண்ணீர் வழியும் இடங்களில் துளி பாசிப்பச்சை. அப்புறம் பேஸ்டல் சாக்கைச் சுரண்டி அந்தக் கரும்பொடியைப் பூசினேன். அழுக்கு எங்கே சேரும் என்று ஐந்தறை வீட்டைக் காலமெல்லாம் துடைப்பவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேல்பூச்சு மேட் வார்னிஷ். காற்றில் ஈரம் இருக்கும்போது ஸ்ப்ரே செய்தால் வெளுத்துவிடும், டிசம்பர் மழையில் நினைத்தே பார்க்க முடியாது. பிப்ரவரி வெயில் வரட்டும் என்று காத்திருந்து தாழ்வாரத்தில் வைத்து அடித்தேன். அடுத்த வீட்டு ஆன்ட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு போனார், ஒரு தட்டு கேசரி கொடுத்து அனுப்பினேன்.

விளக்கு வேலை அப்பாவுடையது, சால்டரிங் அயர்னை என்னிடம் தரமாட்டார். பழைய பல்பு சூட்டில் கூரை லேசாக வளைந்திருந்தது. இப்போது எல்ஈடி. ஏற்றிப் பார்த்தால் சுவர் முழுக்க வெளிச்சம் கசிந்தது. உள்பக்கம் கறுப்பு அடித்த பிறகுதான் ஜன்னல் வழியாக மட்டும் வந்தது.

படம் எடுப்பதில்தான் அப்பாவுக்கும் எனக்கும் சண்டை. அவர் பெரிய கேமராவை முக்காலியில் ஏற்றி மேலிருந்து எடுப்பார். ஹெலிகாப்டரில் போகிறவன் பார்க்கிற ஊர் அது. இந்த அளவில் நிற்கிற ஆளின் கண்மட்டம் தரையிலிருந்து ஒரு சென்டிமீட்டர்தான். நான் போனைத் தலைகீழாகத் திருப்பி மேசையில் ஊன்றினேன், லென்ஸ் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. போனில் சென்சார் சிறியது என்பதால் முன்னால் இருக்கும் பலகையும் பின்னால் இருக்கும் மரமும் ஓரளவு தெளிவாகவே விழும். பெரிய கேமராவில் அது வேண்டுமென்றால் ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பல படம் எடுத்துக் கணினியில் சேர்க்க வேண்டும். அப்பா இப்போது அதில்தான் மூழ்கியிருக்கிறார், சாப்பிடக் கூப்பிட்டால்கூட வருவதில்லை.

விளக்கு ஒன்றே ஒன்று போதும். கூரை விளக்கும் எரிந்தால் ஒரு ஆளுக்கு இரண்டு நிழல் விழும், பொம்மை என்று உடனே தெரிந்துவிடும். வானம் வரைந்த அட்டையைக் கட்டடத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மேகத்தின் மேல் கூரையின் நிழல். முதல் படத்தில் ஸ்டேஷனே தரையில் ஒட்டாமல் மிதந்தது. கண்ணுக்குத் தெரியாத இடைவெளி, கேமரா காட்டிக் கொடுத்துவிட்டது. அடி ஓரத்தில் பசை தடவி மண்பொடி தூவி மூடினேன்.

தண்டவாளம் தப்பு என்று நீ அடிக்கடி சொல்வாயே, அதை மட்டும் தொடவில்லை. நம் மேசையில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 9 மில்லிமீட்டர், அதை 150ஆல் பெருக்கினால் 1,350. மலாயா ரயில் ஓடியதோ ஒரு மீட்டர் பாதையில். நீ பெர்த்தில் ஏறுகிற ரயிலின் 1,067 மில்லிமீட்டருக்கும் அது ஒத்துவராது. ஜப்பான்காரர்களே தங்கள் 1,067 பாதையை இந்த 9 மில்லிமீட்டரில்தான் ஓட்டுகிறார்கள். போகட்டும்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. பிளாட்பாரத்தில் ஓட்டுநரிடம் டோக்கன் வளையம் (ஒற்றைப் பாதையில் போக ரயிலுக்குத் தரும் அனுமதி) மாற்றுகிற ஆளை வைக்கப்போகிறேன். ஆள் தயார். சட்டை என்ன நிறம், எந்த முனையில் நிற்பார் என்பதில் அப்பா ஒன்று சொல்கிறார், என் ஞாபகம் வேறு. ரயில் ஓடுவதே நின்றுபோவதற்கு முன்பு, அந்த ஜூனில் நீ எடுத்த படங்கள் உன் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும். தேடி அனுப்பு. வாட்ஸ்அப்பில் வேண்டாம், படம் சுருங்கிவிடும். மின்னஞ்சலில் அனுப்பு.

அன்புடன்,
அம்மா